நிலைவிலை எரிசக்தி ஒப்பந்தம் (பிரித்தானியா)

நிலைவிலை எரிசக்தி ஒப்பந்தம் என்பது வீட்டுக்கு வரும் மின்சாரம், எரிவாயு ஆகியவற்றின் யூனிட் விலையை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மாற்றாமல் வைத்திருக்க, வழங்கும் நிறுவனமும் நுகர்வோரும் செய்துகொள்ளும் உடன்படிக்கை ஆகும். காலம் பொதுவாக 12 முதல் 24 மாதங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவை அடங்கிய பெரிய பிரித்தானியாவில் இது 'ஃபிக்ஸ்ட் டாரிஃப்' என்று அழைக்கப்படுகிறது. வட அயர்லாந்தின் சந்தை தனியானது. இக்கட்டுரையில் சொல்லப்படும் விதிகள் அங்கு செல்லா.

தமிழ்நாட்டில் மின்வாரியம் ஒன்றே. கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. பயன்பாடு கூடக்கூட அடுக்குவாரியாக விலை ஏறும். பிரித்தானியாவில் இவை எதுவும் இல்லை. பல நிறுவனங்கள் போட்டியிட்டு விற்கின்றன. வழக்கமான திட்டங்களில் முதல் யூனிட்டுக்கும் ஆயிரமாவது யூனிட்டுக்கும் ஒரே விலை. நிறுவனத்தை மாற்றினாலும் கம்பியும் குழாயும் மாறுவதில்லை. பில் அனுப்புபவர்தான் மாறுகிறார். வீடு சொந்தமா வாடகையா என்பதும் பெரிய பொருட்டல்ல. பில் யார் பெயரில் வருகிறதோ அவரே ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

எது நிலையானது, எது அல்ல

நிலையாக இருப்பது விலை மட்டுமே, பில் அல்ல. குளிர்காலத்தில் ஹீட்டரைக் கூடுதலாக ஓட்டினால் பில்லும் கூடும். மாதந்தோறும் வங்கியிலிருந்து ஒரே தொகை எடுக்கப்படுவதைப் பார்த்துத் தம் விலை நிலையானது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தத் தொகை ஆண்டுப் பயன்பாட்டை மதிப்பிட்டு 12 மாதங்களுக்குப் பிரித்த தவணை. அதை நிறுவனம் இடையில் திருத்தலாம்.

ஒப்பந்தம் எதுவும் செய்யாதவர்கள் தாமாகவே மாறுவிலைத் திட்டத்தில் இருப்பார்கள். இதற்குத்தான் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விலை உச்சவரம்பு விதிக்கிறது. 2018இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2019 சனவரி 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. தொடக்கத்தில் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை திருத்தப்பட்டது. 2022 அக்டோபரிலிருந்து மூன்று மாதங்களுக்கு ஒருமுறை.

செய்திகளில் 'உச்சவரம்பு 1,755 பவுண்டு' என்று வருவதை, அதற்கு மேல் பில் வராது என்று புரிந்துகொள்வது தவறு. அது சராசரி வீடு ஒன்றின் ஆண்டுக் கணக்கு. 2025 அக்டோபர்-டிசம்பர் காலாண்டை எடுத்துக்கொண்டால், மின்சாரம் யூனிட்டுக்கு 26.35 பென்ஸ், எரிவாயு 6.29 பென்ஸ். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் செலுத்த வேண்டிய நாட்கட்டணம் மின்சாரத்துக்கு 53.68 பென்ஸ், எரிவாயுவுக்கு 34.03 பென்ஸ். ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரமும் 11,500 யூனிட் எரிவாயுவும் செலவாகும் வீட்டுக்கு இவற்றைக் கூட்டினால் 1,755 வருகிறது. இதில் நாட்கட்டணம் மட்டும் சுமார் 320 பவுண்டு. பாதி அளவே பயன்படுத்தும் சிறு குடும்பத்துக்கு மொத்தம் ஏறத்தாழ 1,037 பவுண்டு. ஆனால் நாட்கட்டணம் அதே 320தான். யூனிட் விலையைக் குறைத்து நாட்கட்டணத்தைக் கூட்டியுள்ள நிலைவிலைத் திட்டம் பெரிய குடும்பத்துக்கு இலாபமாகவும் தனியாக வாழும் முதியவருக்கு நட்டமாகவும் அமைவது இதனால்தான்.

நிலைவிலை எப்படி அமைகிறது

நிறுவனம் ஓராண்டுக்கு ஒரே விலை தருவதாகச் சொல்லும்போது, அந்த ஓராண்டுக்குத் தேவையான மின்சாரத்தையும் எரிவாயுவையும் மொத்தச் சந்தையில் முன்கூட்டியே வாங்கி வைக்கிறது. ஆகவே நிலைவிலை என்பது அன்றைய சந்தை எதிர்காலத்துக்குச் சொல்லும் விலையோடு நிறுவனத்தின் செலவும் இலாபமும் சேர்ந்தது. விலை ஏறப்போகிறது என்று ஊரெல்லாம் பேசும் நாளில் சந்தையும் அதை அறிந்திருக்கும். நிலைவிலையும் அதற்குள் ஏறியிருக்கும்.

உச்சவரம்பு இப்படி உடனே அசைவதில்லை. ஏறத்தாழ மூன்று மாதச் சந்தை விலைகளின் சராசரியை எடுத்து, பின் சில வார இடைவெளி விட்டு அது நடைமுறைக்கு வருகிறது. எனவே சந்தை இன்று போகும் திசையில் உச்சவரம்பு பல வாரங்கள் கழித்தே போகும். சந்தை இறங்கும்போது புதிய நிலைவிலைகள் முதலில் மலிவாகின்றன, உச்சவரம்பு உயரத்திலேயே நிற்கிறது. சந்தை ஏறும்போது இது தலைகீழாகிறது. மலிவான நிலைவிலை கிடைப்பது பெரும்பாலும் யாரும் பதறாத நாட்களில்தான். பதற்றமான நாட்களில் உச்சவரம்பே சில காலம் குடையாக இருக்கும்.

2021 முதல் 2023 வரை

இதற்கு 2021ஆம் ஆண்டின் பிற்பகுதி நல்ல சான்று. எரிவாயுவின் மொத்தச் சந்தை விலை பலமடங்கு ஏறியபோது, புதிய நிலைவிலைத் திட்டங்கள் உச்சவரம்பைவிட மிக அதிகமாகி, பின் ஏறக்குறைய மறைந்தே போயின. மாறுவிலையில் இருந்தவர்கள் 2021 அக்டோபர் முதல் ஆறு மாதங்களுக்கு 1,277 பவுண்டு அளவிலேயே செலுத்தினர். 2022 ஏப்ரலில் அது 1,971 ஆனது.

முன்கூட்டியே போதிய அளவு வாங்கி வைக்காமல் மலிவு விலைக்கு விற்ற சிறு நிறுவனங்கள் இக்காலத்தில் வரிசையாக மூழ்கின. 25க்கும் மேற்பட்டவை சந்தையை விட்டு வெளியேறின. அவற்றின் வாடிக்கையாளர்களுக்கு விளக்கு அணையவில்லை. ஆஃப்ஜெம் அவர்களை வேறு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. முன்பணமாகக் கணக்கில் இருந்த தொகையும் காக்கப்பட்டது. ஆனால் பழைய மலிவான நிலைவிலை பொதுவாக நிறுவனத்தோடே முடிந்துபோனது. விற்றவர் உயிரோடு இருக்கும் வரைதான் நிலைவிலை நிலையானது என்பதைப் பலர் அப்போதுதான் அறிந்தனர். பெரிய நிறுவனமான பல்ப் மட்டும் வேறு வழியில் கையாளப்பட்டது: 2021 நவம்பரில் அரசு நிதியுதவியுடன் சிறப்பு நிர்வாகத்தின் கீழ் வந்து, 2022 இறுதியில் ஆக்டோபஸ் எனர்ஜியிடம் சேர்ந்தது.

2022 ஆகஸ்டு 26 அன்று, அக்டோபருக்கான உச்சவரம்பு 3,549 பவுண்டு என்று ஆஃப்ஜெம் அறிவித்தது. அந்த நாட்களில் அச்சத்தில் மிக உயர்ந்த நிலைவிலைக்கு ஒப்புக்கொண்ட குடும்பங்கள் உண்டு. இரண்டு வாரங்கள்கூடக் கழியவில்லை. செப்டம்பர் 8 அன்று அரசு தலையிட்டு, சராசரி வீட்டின் ஆண்டுக் கணக்கு 2,500 பவுண்டு என்ற அளவில் நிற்குமாறு விலையைக் கட்டுப்படுத்தியது. நிலைவிலையில் இருந்தவர்களுக்கும் யூனிட்டுக்கு மானியம் தரப்பட்டதால் அடி ஓரளவு தணிந்தது. எனினும் சந்தையைச் சரியாகக் கணித்தவர்கூட அரசின் முடிவைக் கணித்திருக்க முடியாது. 2023 சூலையில் உச்சவரம்பு 2,074க்கு இறங்கியது.

இலாபமா, காப்பீடா

அமைதி திரும்பிய பின்னும் விடை ஒன்றாக இல்லை. உச்சவரம்பு 2024 சனவரியில் 1,928, ஏப்ரலில் 1,690, சூலையில் 1,568, அக்டோபரில் 1,717. ஒருவர் 2024 சனவரியில் அப்போதைய உச்சவரம்புக்குச் சமமான விலையில் ஓராண்டுக்கு ஒப்பந்தம் செய்திருந்தால் நட்டமே. நான்கு காலாண்டுகளின் எளிய சராசரி சுமார் 1,726. இழப்பு 200 பவுண்டு. குளிர்காலத்தில் எரிவாயு அதிகம் செலவாவதைக் கணக்கில் கொண்டால் இழப்பு சற்றுக் குறையும். அதே ஆண்டு சூலையில் 1,568க்குச் சமமாக ஒப்பந்தம் செய்தவருக்கு நேர்மாறானது நிகழ்ந்திருக்கும்: அடுத்த மூன்று காலாண்டுகள் 1,717, 1,738, 1,849, ஆண்டுச் சராசரி 1,718, மிச்சம் 150 பவுண்டு. இருவருக்கும் இடையே அறிவில் வேறுபாடு இல்லை, மாதத்தில்தான் வேறுபாடு.

இதனால் நிலைவிலையைப் பந்தயமாகக் காண்பதைவிடக் காப்பீடாகக் காண்பது பொருத்தம். வரவில் பெரும்பகுதி வாடகைக்கோ வீட்டுக் கடனுக்கோ போய்விடும் குடும்பத்துக்கு, குளிர்காலத்தின் நடுவே விலை நூறு இருநூறு பவுண்டு ஏறினால் வேறு ஏதோ செலவு வெட்டப்பட வேண்டும். அவர்களுக்கு உச்சவரம்புக்குச் சமமான நிலைவிலைகூட நல்ல பேரமே. அன்றைய உச்சவரம்பைவிடக் கணிசமாகக் குறைவாகக் கிடைத்தால் எவருக்கும் தயக்கம் தேவையில்லை. உச்சவரம்பைவிடப் பல விழுக்காடு கூடுதலாகக் கேட்கும் திட்டத்தை ஏற்பதற்கு, அச்சத்தைத் தவிர வேறு வலுவான காரணம் இருக்க வேண்டும். சேமிப்பு உள்ளவர்கள் மாறுவிலையிலேயே இருந்து ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

மின்காரோ வெப்ப விசையியக்கியோ உள்ள வீடுகளின் கணக்கு வேறு. நள்ளிரவில் மலிவாகத் தரும் நேரவாரித் திட்டங்கள் அவர்களுக்குச் சாதாரண நிலைவிலையைவிட அதிகம் மிச்சம் தரக்கூடும். இவற்றுக்கு ஸ்மார்ட் மீட்டர் தேவை.

விலகல் கட்டணம்

காலம் முடியும் முன் வெளியேறினால் பல திட்டங்களில் விலகல் கட்டணம் உண்டு. அது எரிபொருள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விதிக்கப்படுகிறது; 50 பவுண்டு என்றால் மின்சாரம், எரிவாயு இரண்டுக்கும் சேர்த்து 100. விலகல் கட்டணமே இல்லாத திட்டம் சற்றே விலை கூடுதலாக இருந்தாலும் மதிப்புள்ளது: விலை ஏறினால் காப்பு, இறங்கினால் வெளியேறும் உரிமை. ஒப்பந்தம் செய்த 14 நாட்களுக்குள் மனம் மாறினால் கட்டணமின்றி விலகலாம். இறுதி 49 நாட்களிலும் விலகல் கட்டணம் விதிக்கக் கூடாது என்பது ஆஃப்ஜெம் விதி. அந்த நாட்களில் வேறு ஒப்பந்தம் எதுவும் செய்யாவிட்டால், காலம் முடிந்ததும் வீடு உச்சவரம்புக்கு உட்பட்ட மாறுவிலைத் திட்டத்துக்குத் தானாகவே திரும்பிவிடும்.