பழைய கார், புதிய பெட்ரோல்

பாதி விலை பேசி முடித்த பிறகுதான் எங்கள் மெக்கானிக் வந்து சேர்ந்தார். விற்பவருக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் நேராகப் போய் பேனட் மேல் உள்ளங்கையை வைத்தார். "சில்லுன்னு இருக்குதுங்க சார். நம்பி ஸ்டார்ட் பண்ணலாம்" என்றார். ஆள் வருவதற்கு முன்பே ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால், காலையில் மக்கர் செய்கிற வண்டிகூட அந்த நேரத்துக்கு நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பேனட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது அவர் கட்சி.

2019-ல், கோவை சிங்காநல்லூரில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்ற 98 மாடல் மாருதி 800 அது. அடுத்து ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்த்தார். அங்கே மோர் நுரை மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலக்கின்றன, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம் என்று பொருள். ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியது தெரியாமல் ஒரே ஒரு தடவை ஓட்டினாலும் அலுமினிய ஹெட் வளைந்துவிடலாம். எங்கள் வண்டியில் நுரை இல்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து பாடி முழுக்க ஒட்டி ஒட்டி எடுத்தார். பின்சக்கர வளைவில் இரண்டு இடத்தில் காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. உள்ளே தகடு இல்லை, பட்டிதான். அந்த இரண்டு இடத்துக்காக 4,000 ரூபாய் குறைந்தது. 48,000-க்கு முடித்தோம்.

அதன் பிறகு ஐந்து வருடம் அந்தக் கார் என்னை மனிதனாக மதித்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 650 கிலோ எடை. இருவர் தள்ளினால் நகரும். இக்னிஷன் பாயின்ட் தேய்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இடைவெளி சரிசெய்து ஓட்டிவிடலாம். சாமான் எதுவும் கிடைக்காமல் போனதில்லை. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் சொல்லிவைத்தால் நாலு நாளில் வரும். அங்கேயும் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. 1983 டிசம்பர் முதல் 2014 ஜனவரி வரை முப்பது வருடம் ஓடிய உற்பத்தி அல்லவா, கழித்துக் கட்டிய வண்டிகளே ஒரு தலைமுறைக்கு உதிரிப் பாகம் தரும்.

செலவு இல்லை என்று சொல்லவில்லை. பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆயிற்று. 2025-ல் இருபது வருடம் தாண்டியதற்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். எனக்கு அடுத்த முறை 2028-ல் வரும். பசுமை வரி தனி. புதுக் காரின் மாதத் தவணையோடு ஒப்பிட்டால் இதெல்லாம் தூசு என்று என் மனைவியிடம் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அவள் அதை இன்றுவரை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் போன வருடம் பொள்ளாச்சி போகும் வழியில், கிணத்துக்கடவுக்கு முன்பாக, வண்டி இருமியது. காருக்குள் பெட்ரோல் வாடை. ஓரம் கட்டி, பிள்ளைகளைப் புளியமர நிழலுக்கு அனுப்பிவிட்டு மெக்கானிக்குக்கு போன் போட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் பைக்கில் வந்தார். பம்ப்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகிற ஹோஸைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஊறின அப்பளம் மாதிரி இருந்தது. நகத்தால் கீறினால் கறுப்பாகப் பிசுபிசுவென்று வந்தது.

"பழசாயிடுச்சோ?" என்றேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடி நாந்தானுங்க மாத்துனேன். அதுக்கு முன்னாடி இருந்தது கம்பெனி ஹோஸ், இருவது வருஷம் தாங்குச்சு. ஹோஸ் பழசு இல்லீங்க சார், பெட்ரோல்தான் புதுசு."

அந்த வாக்கியம் எனக்குள் இறங்கியதிலிருந்து பழைய கார் என்றாலே எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. துரு, டயர், இன்சூரன்ஸ் எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன.

இப்போது பங்கில் நாம் போடுவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20. 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கை 2025-க்கே முன்னால் இழுத்துக்கொண்டார்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இதற்கேற்ப மாற்றப்பட்டவை. 98-ல் பிறந்த காரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எத்தனால் பழைய ரப்பரை உப்ப வைக்கும், பம்ப்பின் டயாஃப்ரமைத் தளர்த்தும். காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். அளவு மீறிக் குடித்துவிட்டால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் போய்த் தங்கும்; பெட்ரோலை உறிஞ்சுகிற குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. போதாக்குறைக்கு இருபத்தைந்து வருடமாக டேங்க்கில் படிந்து கிடந்த அழுக்கையெல்லாம் கழுவிக்கொண்டு வந்து ஃபில்டரில் அடைக்கும். என் கார்பரேட்டரைத் திறந்தபோது கிண்ணத்தின் அடியில் சுண்ணாம்புப் பொடி மாதிரி வெள்ளையாக இருந்தது. ஈரம் அலுமினியத்தை அரித்த பொடி அது.

இன்னொன்றும் உண்டு. ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடை கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு ஒன்பதே போதும். ஆக்ஸிஜன் சென்சார் வைத்த புதுக் கார் இந்த வித்தியாசத்தைத் தானே மோப்பம் பிடித்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்பரேட்டருக்கு மூக்கு கிடையாது. ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். அதனால் இன்ஜின் பட்டினியில் ஓடும், சூடேறும். "மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெருசாப் போட்டுத்தானுங்க விடறேன்" என்கிறார் மெக்கானிக். பதினெட்டு கொடுத்த வண்டி இப்போது பதினாறரைதான் கொடுக்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென்று வடிவமைத்து இ10-க்குச் சீர்செய்த கார்களில் மைலேஜ் ஆறு, ஏழு சதவீதம் குறையலாம் என்று 2021-ல் வந்த அரசு நிபுணர் குழு அறிக்கையே சொல்லியிருந்தது. லிட்டருக்கு எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அப்புறம் எப்படி?

எத்தனாலால் கரும்பு, மக்காச்சோள விவசாயிக்குக் காசு போகிறது, கச்சா எண்ணெய் இறக்குமதி குறைகிறது, புகையும் குறைகிறது, ரப்பரை மாற்றினால் பழைய வண்டியும் ஓடும் என்கிறார்கள். இருக்கலாம். ரப்பரை மாற்றுகிற செலவு யாருடையது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

தெருவில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தால் தெரியும், 800 ஓட்டுகிறவர்கள் யாரென்று. பின் சீட்டைக் கழற்றிவிட்டுக் காய்கறி ஏற்றுகிறவர், டிரைவிங் ஸ்கூல்காரர், பென்ஷன் பணத்தில் ஆசைக்கு வைத்திருக்கும் பெரியவர். பைக்கில் நாலு பேராகப் போகப் பயந்து, கடன் வாங்காமல் ஒரு கூரை தேடிய குடும்பங்கள். எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் பெட்ரோல் சில பங்குகளில் இருக்கத்தான் செய்கிறது. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலை. ஐம்பதாயிரம் ரூபாய்க் காருக்கு அதைப் போடுகிறவன் வேறு காரே வாங்கியிருப்பான். ஒவ்வொரு ஊரிலும் ஒரே ஒரு பங்கில், ஒரே ஒரு குழாயில், வழக்கமான விலையை ஒட்டி எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கட்டும். முடிவெடுக்க வேண்டியவர்களின் காதில் விழும் வரை இதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

அதுவரை வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் டேங்க்கை முக்கால் பாகத்துக்குக் கீழே இறங்க விடாதீர்கள், உள்ளே காற்று குறைந்தால் ஈரமும் குறையும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். நாளைக் காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, பேனட்டைத் திறந்து பெட்ரோல் ஹோஸை இரு விரலால் அமுக்கிப் பாருங்கள். பழைய வடிவத்துக்கு எழும்பி வராமல் நசுங்கியபடியே நின்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். கடையில் எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் வண்டிக்கு இரண்டடி தேவைப்பட்டது.