எந்த வழியில் போவது?

நெமிலிச்சேரி ரெயில் நிலையம். காலை நேரம். அப்பா, அம்மா, மகன் மூவரும் கிண்டிக்குப் போக வேண்டும்.

"அப்பா, சென்டிரலில் இறங்கி மெட்ரோ ரெயில் ஏறுவோம். குளுகுளுவென்று போகலாம்" என்றான் மகன்.

"அதற்குக் காசு அதிகமடா! சென்டிரலுக்கு எதிரே பார்க் ஸ்டேஷன். அங்கே தாம்பரம் ரெயிலைப் பிடித்தால் கிண்டி" என்றார் அப்பா.

"என்னங்க, அங்கே படி ஏறி இறங்க என் முழங்கால் இடம் கொடுக்காது. ஆவடியில் இறங்கி பஸ்ஸில் போவோம்" என்றாள் அம்மா.

யார் சொல்வது சரி?

மூவர் சொல்வதும் சரிதான்!

மனக் கணக்கு

மகன் சுகத்தைப் பார்க்கிறான். அப்பா காசைப் பார்க்கிறார். அம்மா வலியைப் பார்க்கிறாள். வழி தேடும் ஒவ்வொருவர் மனத்திலும் இப்படி ஒரு கணக்கு ஓடுகிறது.

வண்டியில் உட்கார்ந்து போகும் 10 நிமிடம் தெரிவதில்லை. வெயிலில் காத்து நிற்கும் 10 நிமிடமோ 20 நிமிடம்போலக் கனக்கிறது. வண்டி மாறுவதும் தொல்லைதான்.

இந்த மனக் கணக்கை ஏட்டுக் கணக்காக மாற்றியவர் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் டேனியல் மெக்பேடன். 1972-ல் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் புதிய ரெயில் ஓடத் தொடங்கியது. 100-க்கு 15 பேர் அதில் போவார்கள் என்று அதிகாரிகள் எண்ணினார்கள். "6.3 பேர்தான்" என்று கணக்கிட்டார் மெக்பேடன். உண்மையில் போனவர்கள் 6.2 பேர்! 2000-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எல்லோரும் ஒரே வழியில் போனால்?

குறுக்கு வழி என்று எல்லோரும் ஒரே சாலையில் நுழைந்தால், அதுவே நெரிசலாகிவிடும். பிறகு சிலர் பழைய வழிக்கே திரும்புவார்கள். கடைசியில் இரண்டு வழிக்கும் ஒரே நேரம்தான் ஆகும். 1952-ல் இங்கிலாந்தின் வார்ட்ராப் சொன்ன விதி இது.

புதிய சாலை போட்டால் சில சமயம் எல்லோருக்குமே தாமதம் கூடும் என்று 1968-ல் காட்டினார் ஜெர்மனியின் பிரேஸ். வேடிக்கையாக இல்லையா?

நம் ஊரில்

வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரியைத் தொட்டுக்கொண்டு போகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ், மெட்ரோ, புறநகர் ரெயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்க, 2025-ல் 'சென்னை ஒன்' செயலி வந்தது. இப்படி ஒவ்வொன்று வரும்போதும் வீட்டுக் கணக்கு மாறுகிறது.

இந்தக் கணக்கில் தவறு நேர்ந்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் காலி பஸ் ஓடும். இன்னொரு பக்கம் ஜனங்கள் படியில் தொங்குவார்கள். ஆகவே, திட்டம் போடுகிறவர்கள் நிமிடத்தையும் ரூபாயையும் மட்டும் எண்ணினால் போதாது. அம்மாவின் முழங்காலையும் எண்ண வேண்டும்.

சரி, அந்த மூவரும் எப்படிப் போனார்கள்?

ஆவடியில் இறங்கி பஸ்ஸில்தான்! சேர்ந்து போகும்போது, யாருக்கு அதிகக் கஷ்டமோ அவருக்கு ஏற்ற வழிதானே நல்ல வழி!