அறிபவன் யார்? சிவஞானபோதம் காட்டும் கடவுளும் உலகும் உயிரும்

கண்முன் விரிந்து கிடக்கும் உலகம் உள்பொருளா, வெறுந்தோற்றமா என்னும் கேள்விக்கும், கடவுள் உண்டா என்னும் கேள்விக்கும் இந்தியத் தத்துவ மரபில் நெருங்கிய தொடர்பு உண்டு. உலகத்தின் உண்மையை ஐயுற்று, அதைக் கடந்து நிற்கும் ஒன்றே மெய் என்று நிறுவ முயன்ற நெறிகள் பல. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதமோ, உலகம் உள்பொருள் என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, அந்த ஒப்புதலையே ஏணியாக வைத்துக் கடவுளை நோக்கி ஏறுகிறது. 12 சூத்திரங்களும் 40 அடிகளும் மட்டுமே கொண்ட இச்சிறு நூல், மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு வெண்பா என்னும் அளவையியல் உறுப்புகளோடு அமைந்து, பக்தி இலக்கியம் உணர்ச்சியால் பாடிய பொருளைத் தருக்கத்தால் நிறுத்திக் காட்ட முற்பட்டது. இந்நூல் விளக்கும் நெறியாகிய சைவ சித்தாந்தம் என்றவுடன் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) என்னும் மூன்று சொற்களைச் சொல்லி நிறுத்திவிடும் வழக்கம் இன்று பரவலாக இருந்தாலும், அம்மூன்றுள் நடுவில் நிற்கும் பசுவை இந்நூல் எவ்வாறு ஆராய்கிறது என்பதில்தான் அதன் தனித்தன்மை அடங்கியிருக்கிறது.

முதற்சூத்திரத்தின் வாதம் காரண காரியத்தைப் பற்றியது. ஆண், பெண், அஃறிணை எனச் சுட்டி அறியப்படும் உலகம் தோன்றுகிறது, நிலைக்கிறது, ஒடுங்குகிறது. இம்முத்தொழிலுக்கு உட்படுவதால் அதற்கு வினைமுதல் ஒருவன் வேண்டும் என்பது அதன் சாரம். இவ்விடத்தில் சித்தாந்தம் சற்காரியவாதத்தை, அதாவது காரியம் தோன்றுவதற்கு முன்பே காரணத்தில் நுண்ணிய நிலையில் இருக்கிறது என்னும் கொள்கையை மேற்கொள்கிறது. இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது. எனவே உலகம் எங்கிருந்தோ புதிதாக உண்டாவதில்லை, ஒடுங்கிய இடத்திலிருந்தே மீளத் தோன்றுகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று பழைய தருக்க நூல்கள் வகுத்ததைச் சித்தாந்திகள் அப்படியே எடுத்தாண்டு, உலகத்துக்கு மாயை முதற்காரணம், இறைவனின் சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணம் என்றனர். ஆகவே சித்தாந்தத்தின் கடவுள் ஒன்றுமில்லாமையிலிருந்து உலகத்தைப் படைப்பவர் அல்லர். தாமே உலகமாகத் திரிபவரும் அல்லர்.

இவ்வாதத்தில் நலிந்த கண்ணி ஒன்று உண்டு. உலகில் பொருள்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி அழிவதைக் காணலாம். உலகம் முழுவதும் ஒருங்கே அழிந்ததை யாரும் கண்டதில்லை. வேதத்தின் கரும காண்டத்தைப் பெரிதும் போற்றிய மீமாம்சகர் இதைச் சுட்டிக்காட்டித்தான், உலகம் என்றும் இவ்வாறே இருப்பது, அதற்குக் கருத்தா தேவையில்லை என்றனர். உறுப்புகள் தோன்றி மறைவதாயின் அவ்வுறுப்புகளால் ஆன முழுமையும் அவ்வியல்பினதே என்பது சித்தாந்தத்தின் மறுமொழி. உறுப்பின் இயல்பு முழுமைக்கும் பொருந்துமா என்னும் ஐயத்தை இம்மறுமொழி முற்றிலும் தீர்த்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒடுக்கத்தை ஒப்புக்கொண்டபின் நூல் எடுத்துவைக்கும் அடுத்த அடி உறுதியானது. எல்லாம் ஒடுங்கும் காலத்தில் தான் ஒடுங்காமல் நிற்பவன் எவனோ அவனே மீண்டும் தோற்றுவிக்க வல்லவன். ஆதலால் அழிப்பவனே உலகுக்கு முதல்வன். புராணங்களில் மூவரில் ஒருவராகத் தோன்றும் உருத்திரனுக்கும் சித்தாந்தம் கூறும் சிவனுக்கும் இடையே உள்ள வேறுபாடு இங்கே தருக்கத்தின் வழியாகப் பிறக்கிறது.

மாயை என்னும் சொல்லைக் கேட்டவுடன் பொய்த்தோற்றம் என்று பொருள் கொள்வது அத்வைத வேதாந்தம் பரப்பிய பழக்கம். சங்கரர் மரபில் மாயை உள்ளது என்றோ இல்லது என்றோ வரையறுத்துச் சொல்ல முடியாதது. பிரமத்தை மறைத்து, அதனிடத்தில் உலகத்தைக் காட்டுவது. சித்தாந்தத்தில் மாயை என்றும் உள்ள பொருள். அறிவற்றதாயினும் ஆற்றல் மிக்கது. நிலம் முதல் நாதம் ஈறாக 36 தத்துவங்களும், உடல், கருவிகள், உலகம், நுகர்ச்சிப் பொருள்கள் ஆகிய யாவும் விரியும் மூலப்பொருள். இரு நெறிகளுக்கும் உள்ள முரண் இதனினும் ஆழமானது. அத்வைதத்தில் மறைப்பது மாயையின் தொழில். சித்தாந்தத்தில் மறைப்பது ஆணவம் என்னும் வேறொரு மலத்தின், அதாவது உயிரைப் பிணிக்கும் அழுக்கின், தொழில், மாயையோ அம்மறைப்பினூடே உயிருக்குச் சிறிதளவு வெளிச்சம் தருவது. உடலும் பொறிகளும் மனமும் இல்லையேல், ஆணவத்தில் அழுந்திக் கிடக்கும் உயிர் எதையும் அறியாமல் கிடக்கும். ஆகவே உலக வாழ்வு உயிரை ஏமாற்றும் வலை அன்று. உயிரின் அறிவு விளங்குவதற்காக இறைவன் அருளால் அமைத்துக் கொடுத்த இடம். துறவைப் போற்றும் ஒரு சமய நெறி உலகத்தைப் பற்றி இவ்வளவு நல்லெண்ணத்தோடு பேசியிருப்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

உலகம் கயிற்றில் தோன்றிய பாம்பு போன்றது என்னும் மாயாவாதத்துக்குச் சித்தாந்திகள் கூறிய மறுப்பும் இந்த அடிப்படையில் எழுந்ததே. பாம்பை எங்கும் எப்போதும் கண்டறியாதவன் கயிற்றைப் பாம்பென்று மயங்க மாட்டான். மேலும், பிரமம் ஒன்றே உள்ளதாயின் மயங்குபவன் யார்? பிரமமே மயங்குகிறது எனில் அது அறியாமைக்கு உட்பட்டதாகும். வேறொன்று மயங்குகிறது எனில் பொருள் இரண்டாகிவிடும். இதற்கு அத்வைதிகளிடம் விடை இல்லாமல் இல்லை. மயக்கம் யாருடையது என்னும் கேள்வியே விவகார நிலையில், அதாவது அன்றாட நடைமுறை அறிவின் தளத்தில் எழுவது. பரமார்த்தமாகிய முடிந்த உண்மையின் தளத்தில் கேட்பவனும் இல்லை, கேள்வியும் இல்லை என்பர் அவர்கள். இரு தளங்கள் என்னும் இப்பாகுபாட்டை ஏற்பவருக்கு மேற்கண்ட மறுப்பு உறைக்காது. ஏற்காதவருக்கு அவ்விடை கேள்வியைத் தட்டிக்கழிப்பதாகவே படும். பல நூற்றாண்டு வாதங்களுக்குப் பிறகும் இரு தரப்பும் தத்தம் இடத்தில் நிற்பதற்குக் காரணம் இதுவே.

நூலின் நெஞ்சம் என்று சொல்லத்தக்கவை 6ஆம் 7ஆம் சூத்திரங்கள். கடவுள் அறியப்படும் பொருளா, அறியப்படாத பொருளா என்று 6ஆம் சூத்திரம் கேட்கிறது. இது, அது என்று சுட்டி அறியப்படும் பொருள் யாவும் மாறி அழியும் இயல்புடையவை. அத்தகைய பொருளைச் சித்தாந்தம் அசத்து என்கிறது. கடவுள் அவ்வாறு அறியப்படுபவர் எனில் அவரும் அசத்தாகிவிடுவார். எவ்வகையாலும் அறியப்படாதவர் எனில், முயற்கொம்பு போல இல்லாத பொருளாகிவிடுவார். எனவே உயிர் தன் சுட்டறிவால் அறிய இயலாததாயும், தன் அருளால் உணர்த்த உணரப்படுவதாயும் உள்ள ஒன்றே சிவம், அதுவே சத்து என்று சூத்திரம் முடிவு கட்டுகிறது. கடவுளை நிரூபித்துக் காட்டு என்று கேட்பவருக்கும், கடவுள் சொல்லுக்கு எட்டாதவர் என்று கூறி ஆராய்ச்சியையே மூடிவிடுபவருக்கும் ஒரே நேரத்தில் சொல்லப்பட்ட மறுமொழியாக இதைக் கொள்ளலாம்.

அடுத்த சூத்திரம் இன்னும் கூர்மையானது. சத்தாகிய கடவுளின் முன்னிலையில் உலகம் பாழ் போல விளக்கமற்று நிற்பதால், அவர் அதை உயிர்களைப் போல ஒவ்வொன்றாகச் சுட்டி அறிந்து நுகர்வதில்லை. அசத்தாகிய உலகத்துக்கோ அறிவே கிடையாது. அது கடவுளை அறிய வழியில்லை. கடவுள் உலகை நுகர்வதில்லை, உலகம் கடவுளை அறிவதில்லை என்றால், இன்ப துன்பங்களை நுகர்வது எது, வீடுபேற்றை நாடுவது எது? இரண்டும் அல்லாத, ஆனால் இரண்டையும் அறியவல்ல மூன்றாவது பொருள் ஒன்று இருந்தே தீர வேண்டும், அதுவே உயிர். அதைச் சதசத்து என்று குறித்தனர். சத்தைச் சார்ந்தால் சத்தாகவும், அசத்தைச் சார்ந்தால் அசத்தாகவும் நின்று, சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பு அதற்கு உண்டு. கண்ணுக்குப் பார்வை உண்டு. எனினும் இருளில் அது இருளாகவும் ஒளியில் ஒளியாகவும் நிற்பதையே சித்தாந்திகள் இதற்கு உவமையாகக் கூறினர். அறிவு உயிரின் சொந்த இயல்பு, ஆனால் பிறர் உதவியின்றி விளங்காத இயல்பு என்னும் இந்நிலைப்பாடு, அறிவே ஆன்மா என்ற அத்வைதத்துக்கும், அறிவு ஆன்மாவில் வந்து சேரும் குணம் என்ற நியாய வைசேடிகத்துக்கும், ஆன்மாவே இல்லை என்ற பௌத்தத்துக்கும் வேறான தனி வழி.

இவ்வழியில் செல்வோர் எதிர்கொள்ள வேண்டிய கடினமான கேள்வி ஆணவத்தைப் பற்றியது. இருள் தன்னைக் காட்டும், பிற பொருள்களை மறைக்கும். ஆணவமோ தன்னையும் காட்டாமல் பிறவற்றையும் மறைக்கும் என்பது மெய்கண்டார் மரபில் பின்வந்த உமாபதி சிவம் திருவருட்பயன் என்னும் நூலில் கூறும் கருத்து. அது உயிரை எப்போது பற்றியது, ஏன் பற்றியது என்று கேட்டால், தொடக்கம் இல்லாதது என்பதே விடை. மெய்கண்டாரின் மாணவருள் தலையாயவரான அருணந்தி சிவாசாரியர், ஆணவத்தின் வடிவம் எது என்று செருக்கோடு கேட்க, ஆசிரியர் ஒன்றும் பேசாமல் அவரையே உற்று நோக்கி நின்றார் என்று சைவ மரபு கூறும் வரலாறு பலரும் அறிந்தது. அதே அருணந்தி பின்னர் இயற்றிய இருபா இருபஃது என்னும் 20 பாடல்கள் கொண்ட நூல், தம் ஆசிரியரை முன்னிலைப்படுத்திக் கேள்விமேல் கேள்வியாக எழுப்பிச் செல்வதைப் பார்த்தால், அன்றைய மௌனம் விவாதத்தை அடக்கிவிடவில்லை என்றே தோன்றுகிறது. தீமை தொடக்கமற்றது என்றதால், நல்லவராகிய கடவுள் தீமையை ஏன் படைத்தார் என்னும் சிக்கலிலிருந்து சித்தாந்தம் தப்பிக்கொள்கிறது. அதற்கு ஈடாக, கடவுள் தோற்றுவிக்காத பொருள்கள் அவரோடு என்றும் உடனிருக்கின்றன என்பதை அது ஏற்க வேண்டியிருக்கிறது. அவருடைய தலைமைக்கு இதனால் குறைவு நேராது என்பது சித்தாந்திகளின் துணிபு. உடனிருத்தல் என்பது சமமாயிருத்தல் ஆகாது என்று அவர்கள் விளக்கினர்.

அருணந்தியின் சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்னும் இரு பகுதிகளை உடையது. பரபக்கம் உலகாயதம் தொடங்கிப் பாஞ்சராத்திரம் வரை 14 கொள்கைகளை, ஒவ்வொன்றின் கூற்றையும் முதலில் அவரவர் வாய்மொழியாகவே எடுத்துரைத்து, பின்னர் மறுக்கிறது. உமாபதி சிவம் 1313இல் எழுதிய சங்கற்ப நிராகரணம் செய்ததோ வேறு வகை வேலை. பௌத்தமும் சமணமும் அங்கே முதன்மை பெறவில்லை. மாயாவாதத்தோடு, சைவத்துக்கு மிக அணுக்கமான ஐக்கியவாதம், பாடாணவாதம், சிவசமவாதம், சங்கிராந்தவாதம் முதலானவையே அவருடைய இலக்கு. வீடுபேற்றில் உயிர் என்ன ஆகிறது என்பதுதான் இவற்றுள் பலவற்றோடு நடந்த வழக்கின் மையம். உயிர் கல்லைப் போல உணர்ச்சியற்றுக் கிடக்கும் என்பது பாடாணவாதம். சிவனுக்கு நிகராகிவிடும் என்பது சிவசமவாதம். இரண்டையும் விலக்கிய உமாபதி, தாள், தலை என்னும் இரு சொற்கள் புணர்ந்து தாடலை என்று ஒரு சொல்லாய் ஒலிப்பதைத் திருவருட்பயனில் எடுத்துக்காட்டினார். புணர்ச்சியில் ஒரு சொல் போல நிற்கிறது. ஆயினும் இரு சொற்களும் அழிந்துபோகவில்லை. இலக்கணப் பயிற்சி உடைய தமிழ் மாணவருக்கு வடமொழித் தருக்கம் பத்துப் பக்கத்தில் சொல்வதை இது ஒரு சொல்லில் உணர்த்திவிடும்.

இந்த வழக்கு உமாபதியோடு முடியவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்து சிதம்பரத்தில் வாழ்ந்த ஞானப்பிரகாச முனிவர், சித்தியாருக்கு எழுதிய உரையில் சிவசமவாதத்தின் பக்கம் சாய்ந்தார். திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்தவரும், சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்னும் பேருரை வகுத்தவருமான சிவஞான முனிவர், 18ஆம் நூற்றாண்டில் அதை எதிர்த்துச் சிவசமவாத உரைமறுப்பு என்று ஒரு தனி நூலே எழுதினார். இருவரும் ஒரே நூல்களைப் போற்றியவர்கள். ஒரே இறைவனை வழிபட்டவர்கள். முத்தி பெற்ற உயிர் இறைவனின் இன்பத்தை நுகரும் என்பதில் அவர்களுக்குள் மாறுபாடு இல்லை. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் ஆகிய ஐந்தொழிலும் அவ்வுயிருக்கு வாய்க்குமா என்பதே வழக்கு. வாய்க்காது, ஏனெனில் முத்தியிலும் உயிர் சார்ந்து அறியும் பொருளே என்பது மாபாடியகாரர் முடிவு. 7ஆம் சூத்திரத்தில் மெய்கண்டார் உயிருக்குக் கொடுத்த இலக்கணத்தை விட்டுக்கொடுக்காமல் வேறு முடிவுக்கு அவர் வந்திருக்கவும் இயலாது.