இயந்திரம் வாங்குமுன் ஒரு கணக்கு

சங்கத்தின் கணக்கு வேலைக்குக் கணிப்பொறி வாங்கலாமா, வேண்டாமா என்னும் கேள்வி இன்று நெசவாளர் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களில் எழுகிறது. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கு இக்கவலை சற்றுக் குறைவு. அத்தகைய 63,000 சங்கங்களில் கணிப்பொறி அமைப்பதற்கான 2,516 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29-ஆம் நாள் ஏற்றுக்கொண்டது. சராசரியாகப் பார்த்தால் சங்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 லட்சம் ரூபாய். ஆனால், சொந்தப் பணத்தைக் கொண்டு வாங்கும் சங்கம் செலவிடுவது அங்கத்தினரின் உழைப்பில் சேர்ந்த பணத்தை. ஆகவே முன்கூட்டிக் கணக்குப் பார்ப்பது கடமையாகும்.

இயந்திரத்துக்கு ஏற்றது எவ்வேலை? ஒரே விதிப்படி பலமுறை திரும்பத் திரும்பச் செய்யும் வேலையே. நெசவாளர் கூலிப் பட்டியல், கடன் பாக்கிக்கு வட்டி கணக்கிடுதல், விற்பனைச் சங்கத்தில் விளைபொருளின் எடைக்கு விலை போடுதல் ஆகியவை அவ்வகையின. துணியின் தரம் பார்ப்பதும், நிலுவைதாரரை நேரிற் கண்டு வசூலிப்பதும் மனிதர் வேலை.

120 தறிகள் உள்ள சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்குக் கூறும் தொகைகள் யாவும் விளக்கத்திற்காக வைத்துக்கொண்டவை. கொடுத்த நூலின் எடை, வந்த துணியின் எடை, கழிவு, கூலி, பிடித்தம் ஆகியவற்றைப் பேரேட்டில் ஏற்றிப் பட்டியல் தயாரிக்க எழுத்தருக்கு வாரம் இரண்டு நாள் பிடிக்கிறது. ஆண்டுக்கு 104 நாள். நாளுக்கு 600 ரூபாய் வீதம் 62,400 ரூபாய். விற்பவர் இத்தொகையைக் காட்டி, 90,000 ரூபாய் விலை ஒன்றரை ஆண்டில் திரும்பிவிடும் என்பார்.

இங்கேதான் பிழை நேர்கிறது. எழுத்தரின் சம்பளத்தைச் சங்கம் அப்போதும் கொடுத்தே தீர வேண்டும். மிச்சமாவது நேரம், ரொக்கம் அன்று. அவரை நீக்கிவிடலாமே என்றால், நூல் இருப்பை எடை போடவும் நிலுவையை வசூலிக்கவும் ஆள் வேண்டாமா?

செலவை முதலில் எழுதுவோம். இயந்திரம் ஐந்தாண்டு உழைக்குமாயின் ஆண்டுத் தேய்மானம் 18,000 ரூபாய். பராமரிப்பு, மென்பொருள் கட்டணம், மின்சாரம், காகிதம் ஆகியவற்றுக்கு 18,000. முடங்கிய பணத்துக்கு வட்டி 4,000. ஆக 40,000 ரூபாய்.

வரவில் எழுதத் தக்கவை ரொக்கப் புத்தகத்தில் தெரியக்கூடியவை மட்டுமே. ஆண்டுக் கணக்கு முடிக்க அமர்த்தும் தற்காலிக ஆளின் 40 நாள் கூலி 24,000. தள்ளுபடி மானியம் 6 லட்சம் ரூபாய் இரண்டு மாதம் முன்னதாகக் கைக்கு வந்தால், 10 சதவீத வட்டியில் 10,000. நூல் இருப்புக் குறைவும் கூலித் தவறுகளும் நீங்குவதால் 12,000. ஆக 46,000. மிஞ்சுவது 6,000 ரூபாயே.

40 தறிகள் உள்ள சங்கத்துக்கு வரவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். செலவோ அதிகம் குறையாது. அங்கே இயந்திரம் நஷ்டமே. அத்தகைய மூன்று சங்கங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி, வாரத்தில் இரண்டிரண்டு நாள் முறைவைத்துப் பயன்படுத்தினால் கணக்கு நேராகும். தனியே இயலாததைச் சேர்ந்து செய்வதற்குத்தானே சங்கம் கண்டோம்?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில், பழைய பேரேட்டின் பாக்கிகளைச் சரிபாராமல் அப்படியே கணிப்பொறியில் ஏற்றிவிட்டனர். பழைய பிழைகளே அழகிய அச்செழுத்தில் வெளிவந்தன. நெசவாளர் பலர் தம் கைப்புத்தகத்துடன் வந்து முறையிட, இரண்டு வாரக் கூலி நின்றுபோயிற்று. வாரக் கூலியை நம்பி அடுப்பெரியும் வீட்டுக்கு அது சிறு காலம் அன்று.

ஆதலால், முதலில் இருப்பையும் பாக்கியையும் அங்கத்தினர் முன்னிலையில் ஒப்பிட்டுக் கையொப்பம் பெற வேண்டும். மூன்று மாதம் பேரேடும் இயந்திரமும் சேர்ந்தே நடக்கட்டும். இரட்டை வேலையின் செலவில் முதலாண்டு மிச்சம் முழுவதும் கரையக்கூடும். அதையும் மறையாது எழுதுக. ஓராண்டு கழிந்ததும், எதிர்பார்த்த வரவு வந்ததா என்பதைப் பொதுப்பேரவையில் படித்துக்காட்ட வேண்டும்.

அங்கத்தினர்களே, இயந்திரம் வாங்கும் தீர்மானம் உங்கள் முன் வரும்போது விலையை மட்டும் கேட்டுக் கையுயர்த்தாதீர்கள். வரவு செலவு இரண்டையும் கேளுங்கள். அவற்றில் ரொக்கம் எது, வெறும் நேரம் எது என்பதையும் கேளுங்கள்.