பாடியவர் போனபின் பாட்டு

லண்டனுக்கு ஒரு வேலையாகப் போயிருந்தபோது, தங்கியிருந்த வீட்டு நண்பர் 'கிழட்டுப் பசங்க கச்சேரி ஒண்ணு இருக்கு, வர்றியா?' என்றார். பஸ்காக்ஸ் குழு. சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. போவதா வேண்டாமா என்று எனக்குத் தயக்கம். 1977இலிருந்து அந்தக் குழுவின் குரலாக இருந்த பீட் ஷெல்லி 2018 டிசம்பரில் எஸ்டோனியாவில் இறந்துபோனார். அதன்பின் பாடுபவர் ஆரம்பத்திலிருந்தே உடனிருந்த ஸ்டீவ் டிக்கிள். எழுதியவரும் இல்லை, குரலும் இல்லை என்றால் அங்கே போய்க் கேட்பது எதை? பழைய கலகத்தின் நினைவஞ்சலியையா?

பங்க் என்றதும் நமக்கு நினைவு வருவது கிழிந்த சட்டை, சட்டைப்பின், ஆத்திரம். அந்த அடையாளங்களைச் சந்தை எப்படி விழுங்கிப் பண்டமாக்கியது என்பதை டிக் ஹெப்டிஜ் 1979இலேயே எழுதிவிட்டார். ஆனால் பஸ்காக்ஸின் கலகம் உடுப்பில் இல்லை. ஷெல்லியும் ஹோவர்ட் டிவோட்டோவும் போல்டனில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவை மான்செஸ்டருக்கு வரவழைத்து 1976 ஜூன் 4 அன்று ஒரு சிறிய அரங்கில் கச்சேரி வைத்தார்கள். தாங்களும் வாசிப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அதற்குள் குழு தயாராகவில்லை! கைவராத வித்தையைப் பற்றிக் கவலைப்படாத இந்தத் துணிச்சல் முக்கியம்.

அதைவிட முக்கியம் அடுத்து வந்தது. நண்பர்களிடமும் உறவினர்களிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்று நான்கு பாட்டுள்ள இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். முதலில் அடித்தது 1000 பிரதி. எந்தப் பாட்டு எத்தனையாவது முறை பாடியபோது பதிவானது, மேலே எதைச் சேர்த்தார்கள் என்பதையும் உறையிலேயே அச்சிட்டார்கள். அதாவது, இது மந்திரமில்லை, நீயும் செய்யலாம். கைக்காசு போட்டுப் பத்திரிகை நடத்தி, கட்டுக்கட்டாகப் பரணில் ஏற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (அதே ஆண்டு ஆகஸ்டில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற பெரிய நிறுவனத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம்.)

இரைச்சலுக்கு அடியில் முணுமுணுக்கத் தக்க மெட்டு: பாப்-பங்க் என்பது இவ்வளவுதான். அரசைத் திட்டாமல் தோற்ற காதலைப் பாடியதால் நம்ம ஆட்கள் 'இதுல அரசியல் எங்கேய்யா?' என்று கேட்கலாம். இருபாலரையும் விரும்பியவர் ஷெல்லி. காதலிக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்கும் சொற்களைத் தவிர்த்தே எழுதினார். 'அவன்', 'அவள்' கிடையாது; 'நான்', 'நீ' மட்டும். தமிழிலும் இந்த இரண்டு சொற்களுக்குப் பால் இல்லை. ஆனால் நம் காதல் பாட்டில் நானும் நீயும் யாரென்று முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவைக் கலைப்பதுதான் அவருடைய அரசியல்.

அரங்கில் வழுக்கைத் தலைகளும் தொப்பைகளும்தான் அதிகம். நுழைவாயிலில் சட்டை வியாபாரம் ஜோராக நடந்தது. ஹெப்டிஜ் சிரித்திருப்பார். பாட்டுக்குப் பாட்டு இடைவெளியே இல்லை. எழுபதை நெருங்கும் டிக்கிள் கையை உயர்த்தி உயர்த்தி வாசித்தார். எனக்குக் கால் வலித்தது, அவருக்கு இல்லை. கடைசிப் பகுதியில் 1978இல் வந்த 'எவர் ஃபாலன் இன் லவ்' தொடங்கியது. டிக்கிளின் குரல் கரடுமுரடானது. ஷெல்லியிடம் இருந்த அந்தக் கெஞ்சலும் கேலியும் அதில் வரவில்லை. முதல் வரியிலேயே எனக்குச் சப்பென்று போயிற்று. ஆனால் இரண்டாவது வரிக்குள் அரங்கமே பாட ஆரம்பித்துவிட்டது. என் பக்கத்தில் இரண்டு வயசாளிகள் கைகோத்து நின்று பாடினார்கள். முன்னால் ஒரு பெண் மகளைப் பார்த்துப் பாடினாள். யார் யாரை 'நீ' என்கிறார்கள் என்று பிரித்தறிய முடியவில்லை.

வெளியே பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நண்பர் விடவில்லை. 'ஜனங்க பாடினாங்க, சரி. ஆனா மேடையில அந்தப் பாட்டு ஆம்பளைப் பாட்டா ஆயிடுச்சே, கவனிச்சியா?' நான் கவனித்திருந்தேன். டிக்கிள் பாடாமல் நிறுத்தியிருந்தால் அந்தப் பாட்டு அன்றிரவு எங்கேயும் ஒலித்திருக்காதே என்றேன். 'ஒலிக்காம இருந்திருக்கலாம்' என்றார் அவர். பஸ் வந்தபிறகும் வாக்குவாதம் தொடர்ந்தது.