வேதாரண்யத்துக்கு ஏற்ற பசுமை வீடு எது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. கீற்றுக் கூரைகள் பறந்தன. சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடு என்று பேசும்போது, இந்தக் கடற்கரையில் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அடுத்த புயலுக்கு அது தாங்குமா? புயலுக்குப் புயல் புதிதாகக் கட்டும் வீடு, எதனால் கட்டினாலும் பசுமை வீடு ஆகாது.

கீற்றும் களிமண்ணும் குளுமை தருபவை, கைக்கு எட்டுபவை. ஆனால் தீக்கும் வெள்ளத்துக்கும் முதலில் பலியாவது குடிசைதான். 1968இல் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது ஒரு குடிசைக்குள். அந்தக் கொடுமைக்குப் பிறகு இப்பகுதிக்கு வந்து உழைத்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், நிலமற்றோருக்கு நிலம் பெற்றுத் தந்ததோடு, குடிசைகளைக் கல்வீடுகளாக மாற்றவும் பாடுபட்டார். குடிசையில் வாழாதவர்கள் அதன் எளிமையைப் புகழ்வதில் நியாயமில்லை.

அப்படியானால் கான்கிரீட் வீடா? 2011இல் தமிழக அரசு அறிவித்த பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடும் சூரிய விளக்குகளும் கிடைத்தன. நல்ல தொடக்கம் அது. ஆனால் உப்பளங்கள் சூழ்ந்த ஊரில் கான்கிரீட்டுக்கும் எதிரி உண்டு. காற்றிலும் நீரிலும் உள்ள உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருவாக்கும்; துரு பருத்துத் தளத்தைப் பிளக்கும். கலவைக்கு நல்ல தண்ணீர், கடல் மணல் கலக்காத மணல், கம்பியை மூடும் கலவையில் போதிய கனம்: இந்த மூன்றும் இல்லாவிட்டால் வீட்டின் ஆயுள் குறையும்.

சுவருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. ஆரோவில் புவி நிறுவனம் பரப்பிய அழுத்த மண்கட்டியில் சிமென்ட் சுமார் 5 சதவீதம்தான். சூளை வேண்டாம், விறகு மிச்சம். உப்பேறிய மண் மட்டும் அதற்கு ஆகாது. கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விடுவார்கள். செங்கல்லில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும். வெக்கையும் உள்ளே எளிதில் இறங்காது.

வடக்கே தரங்கம்பாடியில் இன்னொரு பாடம் கிடைக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸும் அங்கும் சின்னங்குடியிலும் வீடுகள் கட்டினார்கள். ஒரே அச்சில் வார்க்காமல், குடியிருக்கப்போகும் குடும்பங்களைக் கலந்து பேசியே வரைபடம் போட்டார்கள்.

இப்போது கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. கடலோர ஒன்றியங்களுக்கென்று உயர்ந்த அடித்தளமும், சுவரோடு இறுகப் பிணைத்த கூரையும், நிழல் தரும் தாழ்வாரமும் கொண்ட தனி வரைபடத்தை அரசு வகுக்க வேண்டும். அதை வகுக்கும் முன் வேதாரண்யத்துப் பெண்களையும் கொத்தனார்களையும் கேட்க வேண்டும்.