‘வாய்ப்புண்’ என்னும் ஒற்றைச் சொல்

மருத்துவமனையில் முதியோருக்கு மொழிபெயர்ப்பாளராய் அமைவோர் பல வேளைகளில் அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே ஆவர். அவ்விடத்தில் ஒரு சொல் எதனை உணர்த்துகிறது, எதனை மறைக்கிறது என்பதற்கு ‘வாய்ப்புண்’ தக்க சான்று. கீமோதெரபி எனப்படும் வேதிச்சிகிச்சை பெறும் புற்றுநோயாளியின் வாயில் தோன்றும் பல்வேறு தொல்லைகளையும் நாம் இவ்வொரு சொல்லாலேயே சுட்டுகிறோம். அவையோ தம்முள் வேறானவை.

முதலாவது, அழற்சி. வேதிமருந்து விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்கும் இயல்பினது. ஆதலின் புற்றணுக்களோடு, இடையறாது புதுப்பிக்கப்படும் வாயின் உட்படலமும் சிதைகிறது. சிகிச்சை தொடங்கி ஏறத்தாழ 5 முதல் 10 நாள்களில் படலம் சிவந்து, எரிந்து, புண்ணாகிறது. இதனைத் தொடங்கிவைப்பது மருந்தே, கிருமியன்று.

இரண்டாவது, தொற்று. அதே காலத்தில் எலும்பு மஜ்ஜையில் வெள்ளணு உற்பத்தியும் குன்றுகிறது. பலருடைய வாயிலும் தீங்கின்றி வாழும் காண்டிடா என்னும் பூஞ்சை அப்போது பெருகி, நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் படிந்தாற்போன்ற வெண்திட்டுகளாய்ப் படர்கிறது. இலத்தீன மொழியில் வெண்மையைக் குறிக்கும் சொல்லே அதன் பெயருக்கு வேர். உடலில் உறங்கிக் கிடந்த ஹெர்பிஸ் நச்சுயிரி மீண்டெழுந்து, உதட்டிலும் ஈறுகளிலும் நோவுமிகு புண்களை உண்டாக்குவதும் உண்டு. பாக்டீரியாக்கள் சிதைந்த படலத்தின் வழியே குருதியில் புகுமாயின் உயிருக்கே ஊறு நேரலாம். பூஞ்சைக்குரிய மருந்து நச்சுயிரிக்கு உதவாது. நச்சுயிரிக்குரியது பாக்டீரியாவுக்கு உதவாது. ஆகவே வேறுபாடறிதல் இன்றியமையாதது.

இங்கே மற்றொரு சொல்லும் இடர் விளைக்கிறது. நம் வழக்கில் வாய்ப்புண்ணுக்குக் காரணம் ‘சூடு’. மணத்தக்காளிக் கீரை சமைத்துக் கொடுத்துச் சில நாள் பொறுத்திருப்பது வீட்டு மரபு. ஆனால் ‘உடம்பு சூடாயிருக்கிறது’ என்னும் தொடர், மரபுவழி உடற்சூட்டையும் குறிக்கும், காய்ச்சலையும் குறிக்கும். வெள்ளணு குன்றியோர்க்குச் சீழோ வீக்கமோ தோன்றாமற்போகலாம். காய்ச்சல் ஒன்றே தொற்றின் அறிகுறியாய் அமையலாம். வெப்பமானி 38 பாகை செல்சியசையோ அதற்கு மேலோ காட்டின், இரவாயினும் காலந்தாழ்த்தாது மருத்துவமனையை நாடல் வேண்டும். அந்நேரத்தில் ‘சூடு’ என்று கேட்டு வாளாவிருத்தல் தகாது. அளந்து, எண்ணைச் சொல்லுதல் வேண்டும்.

எனவே நோயாளிக்காகப் பேசுவோர், ‘வாய்ப்புண்’ என்பதோடு நில்லாது சிலவற்றை வினவி அறிதல் நலம். புண் எவ்விடத்தது? நிறம் சிவப்பா, வெள்ளையா? கொப்புளம் உண்டா? எரிகிறதா, வலிக்கிறதா? நீரையேனும் விழுங்க இயல்கிறதா? தொடங்கி எத்தனை நாள்?

தடுப்பு முறைகளும் எளியனவே. சிகிச்சைக்கு முன்னரே பல் மருத்துவரைக் காணுதல், மென்மையான தூரிகையால் துலக்குதல், உப்பும் சமையல் சோடாவும் சிறிதளவு கலந்த நீரால் நாள்தோறும் பன்முறை கொப்பளித்தல், மதுசாரம் கலந்த வாய்க்கழுவிகளையும் காரத்தையும் தவிர்த்தல் ஆகியன அவை.

மொழிப்பாடத்தில் பெயரடையும் வினையடையும் கற்பிக்கிறோம். ‘வெள்ளைத் திட்டு’, ‘விழுங்கும்போது வலி’ என்று பாட்டியின் நோவைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த மாணவர், மருத்துவர் உரிய மருந்தை விரைந்து தெரிய உதவுகிறார்.